32 மணி நேர ரெண்டர், 30-வது மணியில் ரீஸ்டார்ட்: அப்டேட்டை எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம்?

நிழற்கோடு கேட்டது:

வார இறுதி முழுவதையும் விழுங்கிய ஒரு கதையோடு வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை நேரம் போக பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் குட்டிக் குட்டி அனிமேஷன் செய்வது என் பொழுதுபோக்கு. இந்த முறை 20 நொடிக் காட்சி ஒன்று: மழையில் நனைந்த ஜன்னல் கண்ணாடி, அதற்குப் பின்னால் மங்கலாக ஒரு விளக்கு. நொடிக்கு 24 ஃப்ரேம் வீதம் 480 ஃப்ரேம். கண்ணாடி, நீர்த்துளி, ஒளிச்சிதறல் என்று ஆசைப்பட்டதையெல்லாம் போட்டதில் ஒரு ஃப்ரேமைக் கணக்கிட்டுப் படமாக்க (இதைத்தான் ரெண்டர் என்பது) 4 நிமிடம் பிடித்தது. மொத்தம் 32 மணி நேரம். வெள்ளி இரவு 9 மணிக்கு ஓடவிட்டேன். ஞாயிறு காலை 5 மணிக்கு முடிய வேண்டும்.

6 மணிக்கு எழுந்து வந்து பார்த்தால் திரையில் லாகின் பக்கம். வயிறு கலங்கியது. பதிவுகளைத் தோண்டிப் பார்த்ததில் அதிகாலை 3:10-க்கு அப்டேட்டுக்காகத் தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. அப்போது 452 ஃப்ரேம் முடிந்திருக்கும். இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை! நேராக எம்பி4 வீடியோவாக எழுதச் சொல்லியிருந்தேன். அந்த ஃபைல் இருக்கிறது, அளவும் காட்டுகிறது, ஆனால் எந்தப் பிளேயரும் அதைத் திறக்க மறுக்கிறது.

என் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. புதன்கிழமையிலிருந்து மூலையில் அறிவிப்பு வந்துகொண்டேதான் இருந்தது. மூன்று முறை 'பிறகு' என்று அழுத்தினேன். அந்தப் 'பிறகு' எப்போது என்று நான் சொல்லவில்லை, அதுவே ஒரு நேரம் பார்த்துக்கொண்டது.

ஒரு நண்பன் 'பின்னணியில் ஓடும் அந்த அப்டேட் சர்வீஸையே நிறுத்திவிடு, நிம்மதி' என்கிறான். இன்னொருத்தி 'அப்டேட்டில் கை வைக்காதே, மாட்டிக்கொள்வாய்' என்கிறாள். எனக்கு இரண்டும் ஒத்துவரவில்லை. ஆபத்து இல்லாமல் எத்தனை நாள் தள்ளிப்போடலாம்? எப்படி? யாராவது பொறுமையாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கழற்றிமாட்டி எழுதியது:

முதலில் அந்த 452 ஃப்ரேமுக்கு என் அனுதாபம். நான் அடுத்தவர் கம்ப்யூட்டர்களைக் கழற்றி மாட்டிப் பிழைப்பவன். 'எல்லாம் போய்விட்டது' என்று அழாத குறையாகப் பேசுபவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். அதில் பாதிப் பேர் உங்களைப் போல 'பிறகு' அழுத்தியவர்கள்தான். ('பிறகு' பொத்தான் வைத்தவரை ஒருநாள் நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று எனக்கும் ஆசை.)

எந்தச் சிஸ்டம் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலானோர் கேட்பது விண்டோஸ் பற்றி என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். மற்றவற்றுக்கு வேறு யாராவது வருவார்கள்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். என் கணக்கு: குறைந்தது ஒரு வாரம், அதிகபட்சம் ஐந்து வாரம். இதை நான் காற்றில் எடுக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்டுகளை மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று வெளியிடுகிறது. 2003 அக்டோபரிலிருந்து இந்த வழக்கம். அதில் ஏதாவது பெரிய கோளாறு இருந்தால் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே உலகம் முழுக்கக் கூச்சல் கிளம்பிவிடும்.

இரண்டு பழைய சம்பவங்களைப் பாருங்கள். 2018 அக்டோபர் 2-ம் தேதி விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு வந்தது. அதைப் போட்ட சிலருக்கு டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களில் இருந்த ஃபைல்களே அழிந்தன. ஒரு வாரம் முடிவதற்குள் அதை நிறுத்திவைத்தார்கள், திருத்தி மறுபடி விட்டது நவம்பர் 13-ல். அடுத்தது 2021 மார்ச் 9. அந்த மாத அப்டேட்டைப் போட்டபின் சில வகைப் பிரிண்டர்களுக்கு பிரிண்ட் கொடுத்தாலே விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை. 15-ம் தேதி அவசரத் திருத்தம் வந்தது. இரண்டிலும் பத்து நாள் சும்மா இருந்தவருக்கு எந்தச் சேதமும் இல்லை.

அதற்காக மாதக்கணக்கில் விட்டுவிடலாமா என்றால், கூடாது. 2017 மே 12-ல் வானாகிரை என்ற பணப்பறிப்பு வைரஸ் பரவி, பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலைமை வந்தது நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-லேயே வந்துவிட்டது. இடையில் 59 நாள். ஐந்து வாரக் கெடுவுக்குள் போட்டிருந்தவர் தப்பினார். 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டவர் மாட்டினார்.

இப்போது செய்முறை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் 'பாஸ் அப்டேட்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். விண்டோஸ் 11-இல் அதில் 1 வாரம் முதல் 5 வாரம் வரை தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் 10-இலும் உச்சவரம்பு அதே 35 நாள்தான். கெடு முடிந்ததும், நிலுவையில் உள்ளதைப் போட்ட பிறகுதான் மறுபடி நிறுத்த முடியும். இதைப் பலர் அடாவடி என்கிறார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

நிறுத்திவைத்த நாட்களில் எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். மாதாந்திர அப்டேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொகுத்து வருபவை. கடைசியாக வந்ததைப் போட்டால் முந்தையவையும் அதிலேயே அடங்கிவிடும்.

'ஆக்டிவ் அவர்ஸ்' பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். நீங்கள் வேலை செய்யும் நேரம் இது, அப்போது ரீஸ்டார்ட் செய்யாதே என்று சொல்லும் வசதி. நல்லதுதான், ஆனால் அதற்கு 18 மணி நேரம்தான் எல்லை. உங்கள் 32 மணி நேர வேலைக்கு அது போர்த்திக்கொள்ளப் பற்றாத போர்வை. எப்படி இழுத்தாலும் கால் வெளியே தெரியும். அதிகாலை 3:10 என்பது அந்த வெளியே தெரிந்த கால்.

நான் செய்வது இது. இரண்டாவது செவ்வாய்க்கு முன்பே இரண்டு வாரத்துக்கு நிறுத்திவைப்பேன். அதற்கு அடுத்த வாரத்துச் சனிக்கிழமை, வேறு வேலை இல்லாத நேரத்தில், நானே திறந்துவிட்டு எல்லாவற்றையும் போட்டு, நானே ரீஸ்டார்ட் செய்வேன். பல் தேய்ப்பது மாதிரி பழகிவிட்டது.

உங்களுக்குக் கூடுதலாக ஒன்று. நீண்ட ரெண்டர் தொடங்கும் முன் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்டேட் பக்கத்தில் பாதியில் நிற்பது எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, பிறகு நிறுத்துங்கள். ஏற்கெனவே உள்ளே இறங்கி ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கும் அப்டேட்டை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது, கண்ணி வெடி மேல் பாய் விரிப்பது.

ஆஃப்_செய்தவன் எழுதியது:

இவ்வளவு சுற்று எதற்கு? சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட்டை 'டிசேபிள்' செய்தேன். இரண்டு வருடம் ஆகிறது. ஒரு வைரஸும் வரவில்லை, ஒரு ரீஸ்டார்ட்டும் இல்லை. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த 35 நாள் எல்லையையே ஆயிரக்கணக்கில் உயர்த்தும் தந்திரமும் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். அதோடு 2024 ஜூலையில் விமான நிலையங்கள் முழுக்க நீலத்திரை ஆனதே, மறந்துவிட்டீர்களா? அப்டேட்டை நம்பியவர்களுக்கு அதுதான் கதி.

கழற்றிமாட்டி எழுதியது:

அந்த 2024 ஜூலை 19 சம்பவத்தை விண்டோஸ் அப்டேட் கணக்கில் எழுதாதீர்கள், தம்பி. அது கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் தன் வழியில் அனுப்பிய ஒரு தரவு ஃபைலால் வந்தது. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. நீங்கள் சொல்லும் சர்வீஸை டிசேபிள் செய்து வைத்திருந்தாலும் அவை விழுந்தே இருக்கும். பெரும்பாலும் நிறுவனங்கள் வாங்கிப் போடும் மென்பொருள் அது, வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அதோடு சம்பந்தமே இல்லை.

சர்வீஸை நிறுத்துவது பற்றி: விண்டோஸில் அப்டேட் வசதியைப் பழுது பார்ப்பதற்கென்றே 'மெடிக்' என்று தனியாக இன்னொரு சர்வீஸ் இருக்கிறது. நீங்கள் நிறுத்தியதை அது ஒருநாள் சத்தமில்லாமல் எழுப்பிவிடலாம். அப்படி எழுந்தால், இரண்டு வருடப் பாக்கியும் ஒரே இரவில் வந்து இறங்கும். எந்த இரவு என்பது உங்கள் கையில் இல்லை. நம் நிழற்கோடுக்கு நடந்ததும் அதேதானே?

'ஒரு வைரஸும் வரவில்லை' என்பதற்கு நான் என்ன சொல்ல? வந்ததே தெரியாத மாதிரி வருவதுதான் இப்போதைய வைரஸின் வேலை. தெரிந்தவரை வரவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

ஆஃப்_செய்தவன் எழுதியது:

'எந்த இரவு என்பது உங்கள் கையில் இல்லை' என்பது கொஞ்சம் உறைத்தது. சரி, யோசிக்கிறேன். மாறிவிட்டேன் என்று சொல்லவில்லை.

கருந்திரை எழுதியது:

லினக்ஸ் பக்கம் இருந்து இரண்டு வரி. உபுண்டுவில் பாதுகாப்பு அப்டேட்டுகள் பின்னணியில் தானாக இறங்கி நிறுவப்படும். ஆனால் ரீஸ்டார்ட் தானாக நடக்காது, அந்த அமைப்பு ஆரம்பத்திலேயே அணைந்துதான் இருக்கும். ஆக 32 மணி நேர வேலை ஓடலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கிராஃபிக்ஸ் டிரைவர் பின்னணியில் மாறிவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் ரெண்டர் தப்பிக்கும், ஆனால் அதற்குப் பிறகு புதிதாகத் திறக்கும் நிரல் கார்டோடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். வேண்டுமானால் அந்த டிரைவர் பொதியை மட்டும் அப்டேட் ஆகாமல் 'ஹோல்டு' செய்து வைக்கலாம். ஸ்னாப் என்ற உபுண்டுவின் இன்னொரு நிறுவல் முறை வழியாக வந்த மென்பொருள்களுக்குத் தனியாக ஹோல்டு உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் சாஃப்ட்வேர் அப்டேட். தானியங்கி அப்டேட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன 'ஐ' குறியை அழுத்தினால் சுவிட்சுகள் தனித்தனியாக வரும். மேக் ஓஎஸ் அப்டேட்டை நிறுவுவதை மட்டும் அணையுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களுக்கான சுவிட்சை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆனால் நிழற்கோடு, நான் எழுத வந்தது வேறு விஷயம். நேராக எம்பி4-ஆக ரெண்டர் செய்யாதீர்கள்! அந்த வகை ஃபைலில் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பொதுவாகக் கடைசியில்தான் எழுதப்படும். அதற்கு முன் நின்றுவிட்டால், உள்ளே 452 ஃப்ரேம் இருந்தாலும் பிளேயருக்கு வழி தெரியாது. உங்களுக்கு நடந்தது அதுதான். பிஎன்ஜி படங்களாக, ஃப்ரேமுக்கு ஒன்று என்று எழுதச் சொல்லுங்கள். அவுட்புட் அமைப்பில் 'ஓவர்ரைட்' (இருக்கும் ஃபைல் மேல் மறுபடி எழுதுவது) என்பதை அணைத்து 'பிளேஸ்ஹோல்டர்ஸ்' (தொடங்கும் ஃப்ரேமுக்கு முதலில் வெற்று ஃபைல் வைப்பது) என்பதைப் போடுங்கள். மின்சாரமே போனாலும் இழப்பது ஒரே ஒரு ஃப்ரேம், நான்கு நிமிடம். மறுபடி ஓடவிட்டால் முடிந்தவற்றைத் தாண்டிக்கொண்டு போகும். உடைந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஃப்ரேமுக்கு வெற்று ஃபைல் ஒன்று கிடக்கும். அதை அழித்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் அதையும் முடிந்ததாக நினைத்துத் தாண்டிவிடும். எல்லாம் முடிந்ததும் படங்களைச் சேர்த்து வீடியோவாக்க 480 ஃப்ரேமுக்குச் சில நிமிடம் போதும்.

நிழற்கோடு எழுதியது:

கருந்திரை, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு நிமிட இழப்பாக முடிய வேண்டியதை நானே முப்பது மணி நேரமாக ஆக்கிக்கொண்டிருக்கிறேன்.

கழற்றிமாட்டி அண்ணா, நீங்கள் சொன்ன பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, இரண்டு வாரம் நிறுத்திவிட்டேன். இரண்டு சந்தேகம். என்னிடம் இருப்பது ஹோம் பதிப்பு. புரோ வாங்கினால் இன்னும் வசதியா? அப்புறம், வைஃபையை 'மீட்டர்டு' (டேட்டா அளவு உள்ள இணைப்பு) என்று மாற்றினால் அப்டேட்டே இறங்காது என்று ஒருவர் சொன்னார், உண்மையா?

கழற்றிமாட்டி எழுதியது:

புரோவில் குரூப் பாலிசி எடிட்டர் என்று ஒன்று உண்டு. அதில் மாதாந்திர அப்டேட்டுகளை வெளிவந்த நாளிலிருந்து 30 நாள் வரை, பெரிய பதிப்பு மாற்றங்களை 365 நாள் வரை ஒத்திப்போடலாம். இதில் ஒரு நல்ல வித்தியாசம் இருக்கிறது. 'பாஸ்' என்பது ஒட்டுமொத்தமாகக் கதவைச் சாத்துவது. இது ஒவ்வொரு அப்டேட்டையும் அதன் பிறந்த நாளிலிருந்து எண்ணி, அத்தனை நாள் கழித்துத்தான் உள்ளே விடுவது. 10 என்று ஒருமுறை போட்டுவிட்டால் மாதாமாதம் நாள் பார்க்கும் வேலை மிச்சம். என் கம்ப்யூட்டர் புரோவாக இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் இதற்காக மட்டும் காசு கொடுத்து புரோவுக்கு மாறச் சொல்ல மாட்டேன். ஹோமில் மாதம் ஒருமுறை இரண்டு கிளிக், அவ்வளவுதான்.

ஹோமிலும் ஒரு சுவிட்சைக் கவனியுங்கள். புதிய அப்டேட்டுகள் வந்த உடனே எனக்கு வேண்டும் என்று கேட்கும் சுவிட்ச் ஒன்று அப்டேட் பக்கத்தில் இருக்கும். அது அணைந்திருக்கட்டும். மாதக் கடைசியை ஒட்டி 'பிரிவியூ' என்ற பெயரில் விருப்ப அப்டேட்டுகள் வரும், அவற்றையும் தொட வேண்டாம். அடுத்த மாதத்துக்கான ஒத்திகை அவை. ஒத்திகை பார்க்க ஆள் இருக்கிறார்கள், நாம் போக வேண்டாம்.

மீட்டர்டு விஷயம் பாதி உண்மை. பெரும்பாலானவை இறங்காது, ஆனால் அவசரம் என்று கருதப்படுபவை வரலாம். அதோடு ஒன்டிரைவ் போன்றவையும் சிங்க் ஆவதை நிறுத்திக்கொள்ளும். ஒருவர் தன் பேக்கப் மூன்று மாதமாக ஓடவில்லை என்பதை ஹார்டு டிஸ்க் போன அன்றுதான் கண்டுபிடித்தார். டேட்டா குறைவாக உள்ளவர்களுக்கான வசதி அது, பூட்டாக அதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஐந்து வாரம் வரை என்று நான் சொன்னதற்கு ஒரு விலக்கும் இருக்கிறது. இரண்டாவது செவ்வாய்க்குக் காத்திராமல் திடீரென்று அவசர அப்டேட் ஒன்று வந்து, அந்த ஓட்டை ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுகிறது என்று செய்தி வந்தால், பத்து நாள் எல்லாம் பார்க்காதீர்கள். 2021 ஜூலையில் பிரிண்ட் ஸ்பூலர் ஓட்டைக்கு அப்படி ஒன்று வந்தது. அன்றே போட்டுவிடுங்கள்.

மெல்லத்திற எழுதியது:

எல்லோரும் நாள் கணக்கிலேயே இருக்கிறீர்கள், ஒன்றை யாரும் சொல்லவில்லை. எப்போது போட்டாலும் சரி, ரீஸ்டார்ட்டுக்கு முன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருப்பதே பலருக்குத் தெரியாது, வாங்கும்போதே அப்படித்தான் வந்திருக்கும். 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பின் சில கம்ப்யூட்டர்கள் அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்டு நின்றன. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கலாம். வேறு கருவியிலிருந்து நுழைந்து பார்த்து, காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்தக் கம்ப்யூட்டரின் உள்ளேயே நோட்பேடில் சேமித்து வைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அது நான்தான்.

கழற்றிமாட்டி எழுதியது:

மெல்லத்திற சொன்னதை நான் முதல் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும். தவறு என்னுடையது.

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: போட்டபின் ஏதாவது கோளாறு என்றால், அப்டேட் ஹிஸ்டரி பக்கத்தின் அடியில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கிறது. மாதாந்திர அப்டேட்டை அங்கிருந்து எடுக்கலாம். பெரிய பதிப்பு மாற்றம் என்றால் பழையதற்குத் திரும்ப 10 நாள்தான் அவகாசம். எடுத்த கையோடு 'பாஸ்' போட மறக்காதீர்கள், இல்லையென்றால் மறுநாள் அதே விருந்தாளி அதே பையோடு வாசலில் நிற்பார்.

நிழற்கோடு எழுதியது:

சாவியை எழுதி மேஜை டிராயரில் போட்டாயிற்று. 48 இலக்கம், இரண்டு முறை சரிபார்த்தேன், அப்படியும் ஒரு 7-ஐ 1 என்று எழுதியிருந்தேன்.

பிஎன்ஜியாக மாற்றி நேற்று இரவு மறுபடி ஓடவிட்டேன். சோதனைக்காக நடுவில் நானே ஒருமுறை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தும் பார்த்தேன். வெற்று ஃபைலை அழிக்க மறந்ததால் 31-வது ஃப்ரேம் காலியாக இருக்கிறது, அதைத் தனியாக ஓட்டிச் சேர்த்துக்கொள்கிறேன். இப்போது 212-வது ஃப்ரேம். விளக்கு லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது.